ஏரியும் பல்கலைக்கழகமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசப்பெறுவது வழக்கம். சென்ற ஆண்டு இதே நேரத்தில் சிலம்பின் சிறப்பைக் கேட்டு மகிழ்ந்தோம். இவ்வாண்டு, முப்பதாண்டுகள் கல்லூரியில் இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்ற நம்மைப் பேசப் பணித்திருக்கிறார்கள். செயலாளர் மிகுந்த நயத்தக்க நாகரிகம் உடையவராதலின், அழைப்பிதழில் ‘நீர்நிலைகளும் உயர்கல்வியும்’ என்று அச்சிட்டு விட்டார். உண்மையில் நாம் பேசப் புகுவது சாக்கடையைப் பற்றியே ஆகும். பின்கட்டில் விருந்து ஆயத்தமாகிக் கொண்டிருக்கும் இவ்வேளையில் இத்தகைய பேச்சு பொருந்துமோ என்னும் ஐயம் எமக்கும் உண்டு. பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் குடியேறி வாழும் இப்பெங்களூர், ஆறு இல்லாத நகரம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், மேட்டின் முதுகின்மேல் அமைந்தது. மேட்டில் பெய்த மழை நாற்புறமும் வழிந்தோடி விடும், தேங்கி நில்லாது. இதனை உணர்ந்த இந்நாட்டு முன்னோர், சரிவுதோறும் ஏரி அமைத்து, ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி கால்வாய்களால் பிணைத்து வைத்தனர். அக்கால்வாய்களை இவ்வூரார் ராஜகாலுவே என்பர். ஏரியைக் ‘கெரெ’ என்பர். நாம் ‘தூம்பு’ என்பதை அவர்கள் ‘தூபு’ என்பர். மிகுநீர் வழியும் இடம் நமக்கும் கோடி, அவர்களுக்கும் கோடியே. நீரைப் பங்கிட்டு விடும் ஊழியன் நம் பக்கத்தில் நீர்கட்டி, இங்கே நீரகண்டி. மொழி பிரிந்த பின்னரும் ஏரியைச் சூழ்ந்த சொற்கள் பிரிய மனமின்றி நின்றுவிட்டன போலும்.

1890களில் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே நகருக்கு நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. 1974 முதல் காவிரி நீர் வரலாயிற்று. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்திற்கு மேலேற்றிக் கொணரப்படும் நீர் அது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டப் பணி நிறைவுற்று, நாளொன்றுக்கு 77 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர் கூடுதலாக வரத் தொடங்கியது. வீட்டுக்குள் குழாய் வந்த அன்றே ஏரிக்குக் காவலர் இல்லாது போயினர். குடிக்கும் நீர் எங்கிருந்தோ வரும்போது, பின்புறத்து ஏரி யாருக்கு வேண்டும்? தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பெகௌடா பேருந்து நிலையம் உளது. நம்மில் பலர் தகரப் பெட்டியோடு முதன்முதல் இந்நகரில் கால் வைத்தது அவ்வேரியின் அடியில்தான் என்பதை எத்தனை பேர் அறிவோம்? சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கம் ஆயிற்று. சல்லகட்டா ஏரி குழிப்பந்தாட்டத் திடல் ஆயிற்று. 1986ஆம் ஆண்டிலேயே லட்சுமண ராவ் குழுவினர், எஞ்சிய ஏரிகளைக் காக்க வேண்டிய வழிகளை அரசினர்க்கு எழுதிக் கொடுத்தனர். அறிக்கை நல்ல அறிக்கையே.

குழாயில் வந்த நீர் எங்கே போகிறது என்பதுதான் இன்றைய வினா. ஒரு வீட்டில் செலவிடும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. அல்சூர் ஏரியிலிருந்து வழிவது பெல்லந்தூர் ஏரிக்குச் செல்லும். பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர்; வர்த்தூரிலிருந்து தட்சிண பினாகினி. அந்தத் தட்சிண பினாகினி யார் என்று கேட்பீர்களேல், நம் தென்பெண்ணையே அவள். ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, திருக்கோவலூர் வழியே சென்று, கடலூரருகே கடலில் கலப்பவள். நகரின் மேற்குச் சரிவில் விழும் நீரோ விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதியில் கலந்து, காவிரியையே அடையும். ஆக, இக்காலனியில் நாம் காலையில் துணி துவைத்த நீர், சில நாள்களில் நம்முடைய சிற்றப்பனார், மாமனார் ஊர் வயலுக்கு வந்து சேருகிறது. பொங்கலுக்கு ஊர் செல்லும்போது பெங்களூரிலிருந்து என்ன கொண்டு வந்தீர்கள் என்று உறவினர் கேட்பதுண்டு. இதைச் சொல்ல நாம் துணிவதில்லை.

காவிரியின் நீரளவு பற்றி இரு மாநிலத்தாரும் நடத்திய வழக்குகளைக் குறித்து இம்மேடையில் பேசுவதற்கில்லை. அதற்கு நீதிமன்றங்கள் உள. நீரின் தூய்மை பற்றியோ, கன்னடியரும் தமிழரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்களாவோம். கெடுப்பவருள் இருசாராரும் இருக்கிறோம். கெடுதியை உண்பவருள்ளும் இருக்கிறோம்.

ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி, 2015 மே மாதத்தில் நுரையோடு தீப்பற்றி எரிந்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் எரிந்தது. 2018 சனவரியில் மூண்ட தீயை அணைக்கத் தீயணைப்புப் படையினரோடு இராணுவத்தினரும் வர நேர்ந்தது. நீர் எரிந்ததென்று நாளிதழ்கள் எழுதின. நீர் எரியாது. அதன்மேல் மண்டிக் காய்ந்த களையும், கரையில் கொட்டிய குப்பையும், காற்றற்ற சேற்றில் பிறந்த மீத்தேன் வாயுவும் எரியும். நுரைக்குக் காரணம் நம் வீட்டுச் சலவைப் பொடியே. அதிலுள்ள நுரைப்பொருள் ஏரியின் அடிச்சேற்றில் படிந்து கிடந்து, மழை பெய்து கோடியில் நீர் புரண்டு விழும்போது பஞ்சுப் பொதி போல எழுகிறது. அப்பொடியோடு வரும் பாஸ்பேட்டு உப்பு பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் விருந்து. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் கழிவுநீரை உண்டு, ஏரி முழுதும் கம்பளம் விரித்துவிடுகிறது. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இவ்வேரிகளின் பொருட்டு மாநில அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நம்மவர் பலர் நேரில் கண்டனர். அதனைக் கண்டு வருந்தினோமேயன்றி நம் வாயிலில் வருமென்று எண்ணினோமல்லோம். 2019 ஏப்ரலில் ஒரு விடியற்காலை, நம் காலனிக்குப் பின்னுள்ள சிற்றேரியிலும் அதுவே நிகழ்ந்தது. நடைப் பயிற்சிக்குச் சென்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினர். குத்தகைக்கு மீன் வளர்த்தவர் கரையில் தலையில் கை வைத்து அமர்ந்திருந்தார். அவ்வாண்டின் பிழைப்பு முழுதும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தது. அன்று மாலையே காலனிக் குழு கூடியது. குற்றவாளி யாரென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. கால்வாயின் மேற்புறத்தில் ஒரு சிறு சாயப் பட்டறை உண்டு. நீரில் எப்போதாவது நீலமும் சிவப்பும் ஓடக் கண்டிருக்கிறோம். உடனே மனு எழுதினோம். நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அம்மனுவின் நடை நம்முடையதே. மிகக் காரமான நடை என்று அந்நாளில் பாராட்டும் பெற்றது.

மனுவுக்குச் சான்று வேண்டுமென்று, குளிர்பானப் புட்டி ஒன்றில் ஏரி நீரை முகந்துகொண்டு, நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறைக்கு நால்வர் சென்றோம். இரசாயனம் கற்பித்த நாமே அப்புட்டியைக் கையில் ஏந்திச் சென்றோம் என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறோம். துறைத் தலைவர் அதை வாங்கி மேசைமேல் வைத்து, “ஐயா, இதை எப்போது எடுத்தீர்கள்?” என்றார். முந்தின நாள் பகல் 12 மணிக்கு என்றோம். “மீன் செத்தது எப்போது?” என்றார். விடியற்காலை என்றோம். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தியை அழைத்து எம்மிடம் ஒப்படைத்தார். கோலார்ப் பக்கத்து எளிய குடும்பத்துப் பெண். கன்னடமும் தெலுங்கும் நன்கறிவாள். தமிழ் ஓரளவு விளங்கும்.

அவள் எமக்குக் கற்பித்ததைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். நீரில் பிராணவாயு கரைந்திருக்கிறது. தூய நீரில், நம் நகரின் வெப்பத்தில், லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் அளவில் இருக்கும். மீன் வாழக் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டுமென்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. பகலில் பாசி வெயிலுண்டு பிராணவாயுவை வெளியிடும்; பச்சையாய்க் கெட்டுப்போன ஏரியில்கூட நண்பகல் அளவு நல்லதாகவே தோன்றும். இரவில் அதே பாசி, நம்மைப் போல் மூச்சுவிட்டு, உள்ள பிராணவாயுவையும் உண்டு விடும். சாக்கடைக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் உடன் உண்ணும். ஆதலின் விடியுமுன் நான்கைந்து மணிக்கு நீரில் ஒன்றும் எஞ்சாது. மீன் மேலெழுந்து வாய் திறக்கும், பின்னர் புரளும். நண்பகல் நீரை முகந்து சென்றவன், பசியோடு இறந்தவனின் வீட்டில் விருந்து நடந்த நேரத்தில் சென்று சோதித்தவனாவான்.

அளக்கும் முறையும் பழையதே. 1888இல் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி விங்க்லர் வகுத்தது. காற்றுக்குமிழி ஒன்றும் புகாமல் புட்டியை நீருக்குள்ளேயே நிரப்பி மூடி, கரையிலேயே இரு மருந்துகளைச் சேர்க்க வேண்டும். பிராணவாயு இருப்பின் பழுப்பாகத் திரியும். இல்லையேல் வெள்ளையாக நிற்கும். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ மாணவர்க்கு இதை நாம் செய்து காட்டியதுண்டு. ஆனால் ஏரிக்கரையில், விடியுமுன், கைவிளக்கின் வெளிச்சத்தில் அப்புட்டியைத் தூக்கிப் பார்த்தபோது அது பால் போல் வெள்ளையாகவே நின்றது. முப்பதாண்டுகளில் கற்பித்த பாடத்தின் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

அதன் பின்னர் அவள் கால்வாயில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டாள். சாயப் பட்டறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நம் காலனி மதிலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஏரியின் வாயிலில் ஒன்று. ஒரு நாள் முழுதும், இரவும் பகலுமாக, இரண்டு மணிக்கொருமுறை மாதிரி எடுத்தனர். நம் காலனித் தாய்மார் ஒருவர், பெண்பிள்ளைகள் இரவில் பாலத்தருகே நிற்கிறார்களே என்று பரிந்து, காப்பி போட்டுக் கொடுத்தனுப்பினார். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை அவரும் அறியார், நாமும் அறிந்திலோம்.

முடிவு வந்தது. பட்டறைக்குக் கீழே நீர் சிறிது கெட்டிருந்தது, பொய்யில்லை. ஆயினும் மீனைக் கொன்றது சாயமன்று. இரவு பதினொரு மணிக்கு மேல், நம் காலனி மதிலைக் கடந்தவுடன், நீரில் அம்மோனியாவும் மலக்கிருமியும் பன்மடங்கு உயர்ந்திருந்தன. காலை ஆறு மணிக்குப் பின் தணிந்தன. இதன் பொருளை அவள் எமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் காலனிக்கென்று ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அதில் கழிவுக்குள் காற்றை ஊதும் பொறி மின்சாரத்தை மிகுதியாகக் குடிக்கிறதென்று, இரவில் அதை நிறுத்தி வைக்கும்படி குழு தீர்மானித்திருந்தது. பொறி நின்றால் கழிவு தேங்கும். தேங்கியதைப் பக்கக் குழாய் வழியே ராஜகாலுவேயில் விட்டுவிடுவது காவலரின் வழக்கமாயிற்று. அத்தீர்மானத்தில் கையொப்பமிட்ட ஐவருள் நாமும் ஒருவர்.

பல்கலைக்கழகம் நீர்நிலையைக் காக்க என்ன செய்யக்கூடும் என்று வினவுவோர்க்கு, நாம் முதலில் சொல்லும் விடை இதுவே: அது நமக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லக்கூடும். அரசு அலுவலகம் சொன்னால் அரசியல் என்போம். பட்டறைக்காரர் சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்லுகிறார் என்போம். பத்திரிகை சொன்னால் விற்பனைக்கு என்போம். மாதந்தோறும் சம்பளம் பெற்று, ஏரியால் ஆதாயமோ இழப்போ இல்லாமல், அளந்ததை அளந்தபடி எழுதும் ஓரிடம் வேண்டும். அவ்விடம் அதுவே.

மனுவைத் திரும்பப் பெற்றோம். பட்டறை உரிமையாளரைக் கண்டு வருத்தம் தெரிவிக்க இருவர் சென்றோம். அவர் நம்மை அமரச் செய்து தேநீர் தந்தார். அது மன்னிப்பின் அடையாளமா, கேலியா என்று இன்றளவும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பின் கால்வாயில் நிறநீர் ஓடவும் காணவில்லை.

காலனிப் பொதுக்கூட்டம் எளிதாக இருக்கவில்லை. இரவெல்லாம் பொறி ஓட வேண்டுமேல் மாதச் சந்தா உயரும். மேற்புறத்துக் குடியிருப்புகளெல்லாம் வாளாவிருக்க நாம் மட்டும் ஏன் செலவழிப்பது என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வியே, அதற்கு நம்மிடம் இன்றும் முழு விடை இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் மூத்தோர் சிலர் உண்மையாகவே துன்புறுவரென்பதும் தெரிந்ததே. கூட்டத்தின் இறுதியில், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த ஓர் அம்மையார் எழுந்து, கெலவரப்பள்ளி மதகில் நுரை பொங்குவதைத் தம் தந்தையார் தொலைபேசியில் சொல்லி வருந்துவதையும், அந்நீரைத்தான் வயலுக்கு விடுகிறார்களென்பதையும் இரண்டே வாக்கியத்தில் கூறி அமர்ந்தார். சந்தா உயர்வு சிறு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. வாக்களிக்காத குடும்பங்களுள் இரண்டு நம்மோடு பேசுவதை நிறுத்தின. ஒன்று பின்னர்ப் பேசத் தொடங்கிற்று.

இனி, இந்நகரின் கல்விக்கூடங்கள் செய்துள்ள பணிகளில் இரண்டொன்றைச் சொல்லுவோம். 1909இல் நிறுவப்பெற்று, இன்று பல்கலைக்கழகத் தகுதியோடு விளங்கும் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் டி. வி. ராமச்சந்திராவின் குழுவினர் பல்லாண்டுகளாக நகரின் ஏரிகளை அளந்து பதிவு செய்து வருகின்றனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்கள் கூட்டும் ஏரி மாநாட்டில் பள்ளிச் சிறுவர்களும் தம் ஊர் நீர்நிலையை ஆய்ந்து கட்டுரை படிக்கின்றனர். வடக்கேயுள்ள ஜக்கூர் ஏரியை அவர்கள் ஆராய்ந்து 2014இல் எழுதியது நாமனைவரும் அறியத்தக்கது. அங்கே கழிவுநீர், முதலில் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓரளவு தூய்மையடைகிறது. பின் நேரே ஏரிக்குச் செல்லாமல், சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பு நிலத்தினூடே மெல்ல ஊர்ந்து செல்லுகிறது. பொறி நீக்காமல் விட்ட நைட்ரசனையும் பாஸ்பேட்டையும் அச்செடிகளும் வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்களும் உண்டு விடுகின்றன. அதன்பின் ஏரியை அடையும் நீரில் மீனும் வாழ்கிறது, நாரையும் வருகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளும் பயனடைகின்றன. சம்பை அவ்வப்போது அறுத்து அகற்ற வேண்டும். அறுக்காவிடில் அது அங்கேயே அழுகி, உண்டதையெல்லாம் திருப்பிக் கக்கிவிடும். செடி நட்டவுடன் விழா எடுத்து விட்டு மறந்து போகும் நம் வழக்கத்திற்கு இது சிறிதும் ஒத்துவராது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அரிணி நாகேந்திரா அவர்களின் பணி வேறு வகையது. நீரைக் காட்டிலும் நீரைச் சூழ்ந்த மனிதரை அவர் ஆராய்ந்தார். இந்நகரின் ஏரியை முற்காலத்தில் யார் தூர்வாரினர், யார் மீன் பிடித்தனர், யார் புல்லறுத்தனர், அவர்களெல்லாம் எப்போது, ஏன் விலகினர் என்பதைப் பழம் பதிவுகளைக் கொண்டும் முதியோர் வாய்மொழியைக் கொண்டும் எழுதினார். ஏரியை மீட்கும்போது சுற்றிலும் வேலியடைத்து, நடைபாதை போட்டு, காலணியணிந்து ஓடுவோர்க்கு மட்டும் திறந்து விடுகிறோம்; மாட்டுக்குப் புல்லறுத்தவளும் வலை வீசியவனும் வெளியே நிற்கிறார்கள். நாம் இதைப் படித்த பிறகே, நம் ஏரியின் குத்தகைக்காரரைக் காலனிக் கூட்டத்திற்கு அழைக்க வேண்டுமென்று தோன்றிற்று. அதுவரை தோன்றவில்லை.

காசிக்குச் சென்று வந்தோர் துளசிக் கட்டத்தைக் கண்டிருப்பீர்கள். அங்கே சங்கட மோசன் கோயிலின் மகந்தாக விளங்கிய வீரபத்திர மிசிரர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியற் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தார். நாள்தோறும் கங்கையில் நீராடுவார். அதே கங்கையின் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவும் செய்வார். 1982இல் ஓர் அறக்கட்டளை நிறுவி அப்பணியைத் தொடர்ந்தார். 2013இல் மறைந்தார். புனிதமானதும் அசுத்தமானதும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்று பக்தரிடம் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்துகொண்டே போவது நம் கருத்தன்று. குறைகளும் பல. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தை ஒட்டி விருஷபாவதி ஓடுகிறது. பசவனகுடி நந்தியின் காலடியில் பிறந்ததாக இவ்வூரார் போற்றும் அவ்வாறு, மைசூர்ச் சாலையில் செல்வோர் சன்னலை மூடிக்கொள்ளும்படி சாக்கடையாய் ஓடுகிறது. அறிவுக்கும் சாக்கடைக்கும் இடையே ஒரு மதில் போதுமானதாக இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், முதலில் தன் விடுதியின் கழிவுநீர் எங்கே செல்லுகிறது, தன் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் மாணவர் ஊற்றும் அமிலமும் உலோக உப்பும் எந்தக் கால்வாயில் சேருகின்றன என்று பார்த்தல் நலம். நாம் கற்பித்த கல்லூரியிலும் எல்லாம் தொட்டியில்தான் போயிற்று. அந்நாளில் அது எவர்க்கும் உறுத்தவில்லை, எமக்கும் உறுத்தவில்லை.

இன்னொரு குறை, ஆராய்ச்சிக்கு ஆயுள் குறைவு. நிதி மூன்றாண்டு, பட்டம் நான்காண்டு, ஏரிக்கோ அழிவு நாள்தோறும். நம் ஏரியை அளந்த மாணவி 2022இல் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றாள். மகிழ்ந்தோம், வாழ்த்தினோம். அவளோடு அளவையும் நின்றுவிட்டது. ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலகத்தில் இருக்கிறது. ஏரியைச் சுற்றி வாழ்வோர் ஒருவராலும் அதைப் படிக்க இயலாது. கன்னடத்திலும் தமிழிலும் நான்கு பக்கம் எழுதித் தரும்படி துறைத் தலைவரை வேண்டினோம். அத்தகைய எழுத்துக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கிடையாது என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். பின்னர் நாமே அவளைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தமிழ்ப்படுத்தினோம். அவளே கன்னடத்தில் எழுதினாள். இவ்விரண்டும் சங்க நூலகத்தில் உள்ளன.

கோலாரில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே பல இருக்கின்றன. 2018 சூன் முதல், பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் நடைபெறுகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். அடுத்த மாதமே அங்கே ஓர் ஏரியில் நுரை பொங்கியதால் நீரை நிறுத்தி வைத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் தொடர அனுமதி கிடைத்தது. கிணறு நிரம்பிற்று என்று மகிழும் உழவரும் உண்டு. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலை வேண்டும் என்று போராடுவோரும் உண்டு. இருவரும் நீரில்லாத கொடுமையை அறிந்தவர்களே. நம் கருத்தைக் கேட்டால், நீரை நிறுத்துவதைவிட, மாதந்தோறும் அளந்து அந்த அளவை ஊர்ச் சாவடியில் கன்னடத்தில் ஒட்டி வைப்பதே முதல் தேவை என்போம்.

நம் ஏரிக்குத் திரும்புவோம். காற்றூதும் பொறி இரவிலும் ஓடுகிறது. துறையினர் வரைந்து கொடுத்தபடி, காலனி மதிலுக்கும் கால்வாய்க்கும் இடையிலுள்ள சிறு நிலத்தில் சம்பு வளர்த்திருக்கிறோம். கொசு வருமென்று அஞ்சினோம், வந்தது. சிறு மீன்கள் விட்ட பின் குறைந்தது. 2023இல் குத்தகைக்காரர் மீண்டும் மீன்குஞ்சு விட்டார். 2024 கோடையில், நகரெங்கும் நீருக்குத் தவித்தபோது, ஏரியில் நீர் வற்றி ஒரு வாரம் நாற்றம் வீசிற்று. மீன் சாகவில்லை. ஆனால் அவ்வாரம் நீரில் என்ன இருந்தது என்று எவரும் அளக்கவில்லை. மேற்புறத்துக் குடியிருப்புகளில் இரண்டு நம்மோடு சேர்ந்துள்ளன. ஒன்று நம் கடிதத்துக்கு விடையே எழுதவில்லை.

இது காரணமாகவே இவ்வாண்டுச் சங்கச் செயற்குழு ஒரு பணியை மேற்கொண்டிருக்கிறது. அதே துறையினர், ஆண்டுக்கொரு மாணவர் வீதம் மாறினாலும் பணி மாறாதபடி, எழுத்து மூலம் உடன்பட்டுள்ளனர். புட்டிகளும் மருந்தும் அவர்கள் தருவர். அளப்பது நாம். தெளிவை அளக்கக் கறுப்பும் வெள்ளையுமாய் வண்ணம் தீட்டிய தட்டொன்றைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் 1865இல் செய்து காட்டிய முறை. பத்து வயதுச் சிறுவரும் செய்யலாம். மருந்து சேர்க்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, காலை 5 மணிக்கு, ஏரியின் கோடியருகே கூடுவோம். ஏழு மணிக்கு வருவோர்க்கு அங்கே அளக்க ஒன்றுமிராது. சிற்றுண்டி மட்டுமே இருக்கும். அளவைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, காலனி வாயிலிலும், குத்தகைக்காரர் குடிசையருகிலும், விடையெழுதாத அக்குடியிருப்பின் எதிரிலுள்ள பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். வர விரும்புவோர், பிள்ளைகள் பெயரையும் சேர்த்து, விருந்துக்கு முன்னரே செயலாளரிடம் தந்து விடுங்கள். குளிர்பானப் புட்டி எதுவும் கொண்டு வர வேண்டா.